ஏழே காலுக்கு அமுக்கிய பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

என் அருமை நூறுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. எங்கள் மேனேஜரின் சுழல் நாற்காலியை உடைத்தது நான்தான். தினமும் காலையில் கூட்டித் துடைத்து முடித்ததும், யாரும் வருவதற்கு முன்னால், அதில் உட்கார்ந்து மூன்று சுற்று சுற்றுவேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று கேட்காதே. போன மாதம் ஒரு நாள் வேகம் கூடிப்போய், அடியில் இருக்கிற கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருகி வைத்தேன். அன்றிலிருந்து யார் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் நாற்காலி தானாகக் கீழே இறங்குகிறது. மேனேஜர் தனக்கு எடை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை இல்லாமல் டீ கேட்கிறார். நானும் பயபக்தியோடு போட்டுக் கொடுக்கிறேன்.

சிரித்தாயா? சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இனி சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

நோட்டீஸ் பலகையில் டை கட்டிய உன் படம் தொங்குகிறது. கீழே "காலைச் சரிபார்ப்பு: ஏழு கிளைகளும் நூறு சதவீதம்" என்று போட்டிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் துடைப்பத்தைச் சாய்த்து வைப்பேன். அதிலிருந்துதான் உனக்கு நூறு என்று பெயர் வைத்தேன். நாம் அக்கா தம்பி என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. படத்தைத் துடைக்கும்போது மட்டும் காதைத் திருகுகிற மாதிரி ஓரத்தில் ஒரு அழுத்து அழுத்துவேன்.

அந்த நூறில் எங்கள் கிளையின் பங்கு யார் செய்தது தெரியுமா? நான்.

எட்டு மணிக்குள் மேனேஜர் தன் கணினியைத் திறந்து, மருந்து வைத்திருக்கும் குளிர் அறையின் சூட்டைப் பார்த்து, பொத்தானை அமுக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தில் உன் பிரிவு போட்ட விதி. எங்கள் மேனேஜர் ஒன்பதரைக்கு முன்னால் வந்ததில்லை. அவர் பெயரே எங்களுக்குள் ஒன்பதரைதான். விதி வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "நீதான் சீக்கிரம் வர்றியே, இதை மட்டும் அமுக்கி விட்டுரு" என்று பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தெரியாது. எந்த வரிசையில் எத்தனையாவது கட்டை என்று விரல் பழகிக்கொண்டது. அடித்துக் கேட்டாலும் என்னால் வாயால் சொல்ல முடியாது. ஏழே காலுக்கு உட்காருவேன், அடிப்பேன், திரையில் ஒரு பெட்டி வரும், இடது பக்கப் பொத்தானை அமுக்குவேன், மூன்று சுற்று சுற்றுவேன். பதினான்கு மாதம்.

இப்போது கேள். போன வாரம் குளிர் அறையில் இருந்த ஊசி மருந்துப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் வில்லைகள் கறுத்துப் போயிருந்தன. சூடு பட்டால்தான் அது கறுக்குமாம். குளிர் அறை ஸ்டோர்க்காரியை, எந்நேரமும் ஸ்வெட்டரோடு திரிவதால் எங்களுக்குள் அவள் பெயரே ஸ்வெட்டர், அவளை நேற்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டாளாம். நாற்பது பெட்டி வெளியே போய்விட்டது. திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

தம்பி, நடுவில் ஒன்பது நாள் திரையில் அந்தப் பெட்டி சிவப்பாக வந்தது. புதுசாக ஏதோ அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பொத்தான் அதே இடத்தில்தான் இருந்தது. அமுக்கினேன். சிவப்பில் என்ன எழுதியிருக்கும்? எனக்கு மட்டும் சொல்.

எழுத்து கோணலாக இருந்தால் என் படிப்பைக் குறை சொல்லாதே.

உன் அக்கா

---

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி முறை அலுவலகக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு.

சிவப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதன் பொருள் இது: "குளிர் அறையின் சூடு அளவைத் தாண்டிவிட்டது. நேரில் பார்த்தேன், சரிசெய்தேன்." அதற்குக் கீழே இடது பக்கப் பொத்தான் "ஆம்". அதை அமுக்கியதும் திரை பச்சையாகிவிடும். நீ ஒன்பது நாள் ஆம் என்று அமுக்கியிருக்கிறாய். பதிவேட்டில் அது மேனேஜர் பெயரில் இருக்கிறது. அதனால்தான் இங்கே எல்லோரும், காலை ஏழே காலுக்கு எல்லாம் சரியாக இருந்தது, அதற்குப் பிறகு கெட்டது ஸ்டோர்க்காரி கையில்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் ஜனங்களுக்குச் சுலபம் என்று சொன்னது நான்தான். கூட்டத்தில் கை தட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கிளை என்ன பதில் சொன்னது என்று நான் பார்க்கவில்லை. அமுக்கினார்களா, இல்லையா என்று மட்டும்தான் எண்ணினேன். அந்த எண்ணிக்கைதான் நூறு.

தயவுசெய்து யாரிடமும் பேசாதே. போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை அனுப்பாதே, அழித்தாலும் எங்காவது இருக்கும். இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

தம்பி

---

மார்ச் 10, செவ்வாய்

என் நூறுக்கு,

நீ கழிவறையில் ஒளிந்துகொண்டு படித்தாய் என்றதும் ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் மார்க் அட்டையையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்துக்கொண்டு படிப்பாய். பிறகு மீதியைப் படித்தேன்.

ஆம் என்று எழுதியிருந்ததா அதில்? நேரில் பார்த்தேன் என்று நானா சொன்னேன்? அந்தக் குளிர் அறைக்குள் நான் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லையே.

ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று நீ எழுதவில்லை, அதனால் போனேன். ஒரே அறை. ஜன்னல் ஓரம் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "வா, உட்காரு" என்றாள். உட்கார முடியவில்லை.

"நான் சொன்னேன்க்கா. கதவோட ரப்பர் பிஞ்சிருச்சு, உள்ள குளிரே இல்லன்னு ஒன்பது நாளும் சொன்னேன். மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டி, 'பாரு, பச்சை. மெஷின் பொய் சொல்லுமா, நீ சொல்வியா?'ன்னு கேட்டார். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறோன்னு."

தம்பி, எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாள். நான் டீ கொடுக்கும்போது, "என்னடி, புது மாப்பிள்ளை பார்க்க வர்றானா, உடம்பைக் காட்டிக்கிட்டுத் திரியறே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குளிர் அறையிலிருந்து ஒருத்தி வேர்த்து வெளியே வருகிறாள், எனக்கு அது கேலியாகத்தான் பட்டது. கண் முன்னால் நடந்தது. இதற்கு எந்தக் கணினி வேண்டும்?

அவளிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "தண்ணி கொடு" என்றுதான் வந்தது.

நாற்பது பெட்டியில் முப்பத்தொன்பது திரும்பி வந்துவிட்டது. ஒன்று வரவில்லை. ஏதோ ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போயிருக்கிறது, அங்கே யார் வாங்கி எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லையாம். அது சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிற ஊசியாம். தெருவில் யாராவது கைக்குழந்தையோடு போனால் அதன் கையைப் பார்க்கிறேன், பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று.

இது போதாதென்று நேற்று ஒன்பதரை டீ அறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. மெதுவான குரலில், "நான் தினமும் ஏழே காலுக்கு வந்து பார்த்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். நீ கூட்டிக்கிட்டு இருந்தே, என்னைப் பார்த்தே. உன் பேரைச் சாட்சியாப் போட்டிருக்கேன். தணிக்கைக்கு வர்ற அம்மா கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு" என்றார்.

மறுபடியும் ஆம் தான். எல்லோரும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? பெரிய படிப்புப் படித்தவன் நீ, சொல்.

உன் அக்கா

பி.கு: உன் கடிதத்தை எரிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன், டீ போட்டுக் குடித்துவிட்டு அணைத்துவிட்டேன்.

---

மார்ச் 13, வெள்ளி

அக்கா,

நேராகவே எழுதுகிறேன். ஆமாம் என்று சொல்லிவிடு.

உன்னை இந்த வேலையில் சேர்த்தபோது நான் ஒரு படிவம் நிரப்பினேன். நிறுவனத்தில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்று ஒரு கட்டம். எங்கள் பிரிவில் இருப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது, ஏனென்றால் எல்லோரையும் சரிபார்ப்பது நாங்கள்தான். நான் "இல்லை" என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. கேட்டாலும் உனக்குத் தெரியும்.

நீ வாயைத் திறந்தால், பொத்தானை அமுக்கியது யார் என்று பார்ப்பார்கள். பிறகு உன்னைச் சேர்த்தது யார் என்று பார்ப்பார்கள். பிறகு அந்தப் படிவத்தை எடுப்பார்கள். விதி போட்டவனே விதியை மீறினான், அவன் அக்காவே அவனுக்கு நூறு சதவீதம் போட்டுக் கொடுத்தாள் என்று சொல்வார்கள். தற்செயல் என்று ஒருவன் நம்புவானா? பதவி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன்.

ஸ்டோர்க்காரி வேறு வேலை தேடிக்கொள்வாள். நீ கூட்டிப் பெருக்குகிறவள். உன்னிடம் இரண்டு கேள்விக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

தம்பி

---

மார்ச் 16, திங்கள்

தம்பிக்கு,

காலையில் உன் கடிதம் வந்தது. இதைத் தபால் பெட்டியில் போட்டால் நாளை விசாரணைக்கு முன்னால் உன் கைக்கு வராது. பரவாயில்லை. உனக்கு வரவேண்டும் என்பதைவிட, எழுதிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது.

கூட்டிப் பெருக்குகிறவள்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பெருக்கிய இடம் சுத்தமாக இருக்கும், யார் வேண்டுமானாலும் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொள்ளலாம். படிவத்தில் இல்லை என்று எழுதினாய், அதையும் புரிந்துகொண்டேன். நானும்தான் உன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "இவர் யாருங்க, மூஞ்சியைப் பார்த்தா கள்ளன் மாதிரி இருக்கு" என்று கேட்டிருக்கிறேன். ஆனால் "வேறு வேலை தேடிக்கொள்வாள்" என்று எழுதினாயே, அந்த இடத்தில் உன் கையெழுத்து நடுங்கவே இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்று மதியம் தணிக்கைக்கார அம்மாள் வந்துவிட்டார். சத்தமே போடாத செருப்பு. நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் பின்னால் நிற்கிறார். வாளியைத் தட்டிவிட்டேன். "பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். "தரை வழுக்கும், பார்த்து வாங்க" என்றேன்.

அந்த ஒரு பெட்டி இன்னும் வரவில்லை.

நாளைக்கு நான் சொல்லப்போகிறேன். சொன்னால் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. போலீசுக்குக் கொடுப்பார்களா? அடுத்தவர் பாஸ்வேர்டு அடித்தால் அது திருட்டா? உன்னிடம் கேட்கலாம் என்றால் இப்போது உன்னிடமும் கேட்க முடியாது. இன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டோடு மூடி வைத்துவிட்டு, நானே என்னைப் பார்த்து, "ஆளு இளைச்சா நாற்காலிக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டேன்.

உன் பெயர் என் வாயில் வராது. என் விரல், அந்தப் பொத்தான், அவ்வளவுதான் சொல்வேன். சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டால் இல்லை என்பேன். நீ எழுதிய அதே இல்லை. நாளையிலிருந்து நாம் யாரோ, எவரோ. பிள்ளைகளிடம் அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 20, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு அடுத்த நாள்தான் வந்தது. வந்ததிலிருந்து சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என்னையும் திரையில் கூப்பிடுவார்கள் என்று எனக்கே காலையில்தான் தெரியும். விதி எழுதியவன் என்ற முறையில். திரையில் உன் முகம் வந்தது. நீ என்னைப் பார்த்து, யாரோ ஒரு ஆபீசரைப் பார்க்கிற மாதிரி, "வணக்கங்க" என்றாய்.

நீ எல்லாவற்றையும் சொன்னாய். பாஸ்வேர்டைச் சொல்லச் சொன்னபோது வாயால் வராது என்று மேசை மேல் விரலால் தட்டிக் காட்டினாய். சிவப்பை அலங்காரம் என்று நினைத்ததைச் சொன்னாய். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியதைச் சொன்னாய். இங்கே என் பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்கள் பிரிவில் பதினோரு பேர் இருக்கிறோம். ஒருவனாவது அந்த அறைக்குப் போய், உள்ளே இருப்பவளுக்கு வேர்க்கிறதா என்று பார்த்திருந்தால் போதும்.

கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்: "தலைமை அலுவலகத்துல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

நீ, "இல்லைங்க. எனக்கு யாரும் இல்ல" என்றாய்.

என் ஒலிவாங்கி அணைத்து வைத்திருந்தது. அதைத் திறக்க மூன்று முறை தவறான இடத்தில் அமுக்கினேன். பிறகு, "இருக்கு. நான் அவங்க தம்பி. படிவத்துல இல்லைன்னு எழுதினது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

என்னை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணினி வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் என்ன செய்வார்கள் என்று தெரியாது. போன் மணி அடித்தாலே திடுக்கிடுகிறது. அந்த வேலையில் இது ஒரு சங்கடம்.

அந்தப் பெட்டி கிடைத்துவிட்டது. மருத்துவமனை அலமாரியில், பிரிக்காமல்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போனில் கேட்கத் தைரியம் இல்லை. நான் தம்பி என்று சொன்னதும், உன் முகம் திரையில் மெதுவாகக் கீழே போனது. முதலில் வாய் மறைந்தது. பிறகு மூக்கு. கடைசியில் நெற்றியும் கொண்டையும்தான் தெரிந்தன. பிறகு படத்தை நிறுத்திவிட்டார்கள். நான் எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்துக் குனிந்து அழுதாயா? கண்ணை மூடினால் அந்தக் கொண்டை வருகிறது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

---

மார்ச் 24, செவ்வாய்

என் அருமைத் தம்பிக்கு,

பெட்டி கிடைத்தது என்று படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ஸ்வெட்டர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஆமாம், அவள்தான். நேற்று மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். கதவுக்குப் புது ரப்பர் போட்டார்கள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போய், பல் தந்தியடிக்க வெளியே வந்து, "ஆனந்தமா இருக்கு" என்றாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. டீ மட்டும் என் கையால்தான் வாங்கிக்கொள்கிறாள்.

ஒன்பதரை வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. என்னை மாதக் கடைசி வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மேல் தெரியவில்லை. பயம் இருக்கிறது. ஆனால் ஏழே காலுக்கு இப்போது ஸ்வெட்டரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளே அமுக்குகிறாள். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். உன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி இருக்கிறது, துடைப்பத்தை மாட்ட வசதி. உன்னை இனி நூறு என்று கூப்பிட முடியாது, வேறு பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதியதில் ஒரு கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன். எது என்று கேட்காதே. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் அத்தை ஊரிலிருந்து வந்துவிட்டாள் என்று சொல்.

அப்புறம், நீ கேட்டதற்கு. நான் அழவில்லை. விசாரணைக்குக் கேமரா மேனேஜர் கணினியில்தான் இருந்தது, அதனால் என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீ தம்பி என்று சொன்ன நேரத்தில் அது இறங்க ஆரம்பித்தது. கைப்பிடியைத் தேடினேன், அது கையோடு வந்துவிட்டது. அந்த அம்மாள் குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நாற்காலியை உடைத்ததும் நான்தான் என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட மேசை எட்டவில்லை. காகிதத்தைக் கீழே இறக்கித் தந்தார்கள்.

உன் அக்கா